சரிகிற ஐ.டி. கம்பனியில் வேலை செய்வதும் அங்கிருந்து வெளிக்கிடுவதும்: திருமலையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

தம்பிமாரும் தங்கச்சிமாரும் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒரே கேள்வியைத்தான்: "அண்ணா, கம்பனி முந்தி மாதிரி இல்லை. இன்னும் கொஞ்ச நாள் இருந்து பாக்கிறதா, வெளிக்கிடுறதா?" திருகோணமலைப் பக்கம் உவர்மலையிலும் உப்புவெளியிலும் கிண்ணியாவிலும் வீட்டு அறையில் மேசை போட்டு, கொழும்புக் கம்பனிக்கோ கடல் கடந்த கம்பனிக்கோ வேலை செய்கிற பிள்ளைகள் அவர்கள். கோணேசபுரியில் திருமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் முடித்து, முதல் வருடச் சம்பளத்தில் அம்மாவின் அடகு நகையை மீட்டவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். "பிடிக்காட்டி விட்டிட்டு வா" என்று ஒரு வரியில் சொல்லிவிட எனக்கு மனம் வருவதில்லை. அதனால் முழுதாக எழுதுகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்து பதினொரு வருடம். நன்றாக இருந்த ஒரு கம்பனி கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்ததை உள்ளே இருந்து பார்த்தவன். பெயர் இங்கே தேவையில்லை. வெளிக்கிட வேண்டிய நேரத்துக்கு இரண்டு வருடம் பிந்தித்தான் வெளிக்கிட்டேன். கீழே இருப்பதில் பெரும்பகுதி அந்த இரண்டு வருடம் எனக்குத் தந்தது.

அளவுகோல் ஒன்றுதான்

ஒரு கம்பனியின் வேலைக் கலாசாரத்தைச் சுவரில் ஒட்டிய வாசகத்தில் தேடாதீர்கள். இலவசச் சாப்பாடு, வருட முடிவு விருந்து, கழுத்துப்பட்டி போடாத மேலதிகாரி எல்லாம் மேல்பூச்சு. கெட்ட செய்தி கொண்டுவந்த ஆளுக்கு அங்கே என்ன நடக்கிறது? இதைப் பார்த்தால் போதும். இந்த வழிகாட்டியில் வரும் அத்தனை படிகளும் அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் கிளைக்கின்றன.

நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். எங்கள் குழுவில் இரண்டு கிழமைக்கு ஒருக்கால், செய்த வேலையைத் திரும்பிப் பார்க்கிற "ரெட்ரோ" கூட்டம் நடக்கும். திரையில் மூன்று நிரல்கள்: நன்றாகப் போனது, பிழைத்தது, அடுத்த முறை செய்ய வேண்டியது. முதல் வருடம் "பிழைத்தது" நிரலில் மஞ்சள் சீட்டுகள் இடம் போதாமல் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். பிறகொரு நாள் ஒருவர், "டெஸ்ட் முடியாமல் ரிலீஸ் செய்யச் சொன்னது பிழை" என்று எழுதினார். முகாமையாளர் அதைச் சத்தமாக வாசித்தார். ஒன்றும் சொல்லாமல் அடுத்த சீட்டுக்குப் போனார். அடுத்த கிழமை கிளையன்ட் கூட்டத்துக்கான அழைப்பில் அந்த மனிதரின் பெயர் இல்லை. யாரும் யாரையும் ஏசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆறு மாதமாக அந்த நிரலில் ஒரே ஒரு சீட்டுத்தான் வந்தது: "இன்டர்நெட் ஸ்லோ."

அந்த ஒற்றைச் சீட்டு வந்த அன்றைக்கே நான் விளங்கியிருக்க வேண்டும்.

முதற்படி: சரிவா, வெறும் கஷ்ட காலமா என்று பிரித்தறிதல்

கஷ்டம் வந்தாலே கலாசாரம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். 2022இன் பொருளாதார நெருக்கடியை நாங்கள் எல்லோரும் கடந்து வந்தவர்கள். மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தது, மே மாதத்தில் 360 வரை போனது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. அனுபவமுள்ள பொறியியலாளர்கள் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போனார்கள். ஐந்து பேர் பார்த்த வேலையை இரண்டு பேர் பார்த்தார்கள். அந்த நேரத்தில் சில கம்பனிகள் கணக்கைத் திறந்து வைத்து, "இவ்வளவுதான் கையில இருக்கு, இப்பிடித்தான் சமாளிக்கப் போறம்" என்றன. சில கம்பனிகள் "எல்லாம் நல்லாப் போகுது" என்று மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தன. கஷ்டம் இரண்டுக்கும் ஒன்றுதான். முதலாவதில் இருந்தவர்கள் இன்றைக்கும் அந்தக் கம்பனியை மரியாதையோடு பேசுகிறார்கள்.

ஆட்குறைப்பும் அப்படியே. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரை நிறுத்தியது; 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேர் என்று அறிவித்தது. கூகுளில் பலருக்குக் காலையில் கணக்குத் திறக்காமல் போனபோதுதான் விஷயமே தெரியவந்தது. நிறுத்தப்பட்டவரின் வலி ஒரு பக்கம். மிஞ்சி இருந்தவர்களும் அந்தக் காலையை மறக்கவில்லை. எப்படிச் சொன்னார்கள் என்பது அவ்வளவு ஆழமாகப் பதியும்.

திருமலையிலிருந்து வேலை செய்கிற எங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கந்தோர்ச் சாப்பாட்டு மேசையில் நடக்கும் கதை எங்கள் காதுக்கு எட்டாது. சரிவு எங்களுக்குக் கடைசியாகத்தான் தெரியும். ஆகவே தூரத்திலிருந்தே தெரியக்கூடிய அடையாளங்களைக் கவனிக்கப் பழகுங்கள்.

கம்பனி அரட்டைச் செயலியான ஸ்லாக்கில் எல்லோரும் இருக்கும் சனலில் கேள்விகள் குறைந்து, அதே விஷயங்கள் தனி வாட்ஸ்அப் குழுக்களில் ஓடுவது முதல் அடையாளம். பொது இடத்தில் கேட்க ஆட்கள் பயப்படுகிறார்கள். இரண்டாவது, ஒரு முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்று எழுதி வைக்கும் பழக்கம் நின்றுபோவது. "மேலிடத்தில சொன்னது" என்ற வார்த்தை அதன் இடத்துக்கு வரும். மூன்றாவது, நல்ல ஆட்கள் சத்தமில்லாமல் போவது. சண்டை பிடித்துக்கொண்டு போகிறவரை விட, முன்பெல்லாம் வாதாடிவிட்டு இப்போது எதற்கும் "ஓகே" சொல்லி மூன்று மாதத்தில் போகிறவரைக் கவனியுங்கள். அவர் எப்போதோ மனதால் வெளிக்கிட்டுவிட்டார்.

மொழி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். கொழும்புக் குழுக்களில் ஆங்கிலத்தில் தொடங்கும் கூட்டம் இடையில் சிங்களத்துக்குப் போவது வழமை. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இருப்பதில்லை. நல்ல குழுவில், "கொஞ்சம் இங்கிலீஷில சொல்லுங்கோ" என்று ஒருக்கால் கேட்டால் உடனே திரும்புவார்கள். அடுத்த முறை தாங்களாகவே நினைவு வைத்திருப்பார்கள். சரிகிற குழுவில் நான்காம் முறையும் கேட்க வேண்டி வரும். பிறகு நீங்களே கேட்பதை விட்டுவிடுவீர்கள். தைப்பொங்கல் அன்று ரிலீஸ் வைத்துவிட்டு, யாராவது சொன்னதும் "அட, மறந்துபோனம், மாத்துவம்" என்கிற குழு வேறு. "லீவு எண்டா போடுங்கோ, ஆனா ரிலீஸ் இருக்கு" என்கிற குழு வேறு.

கம்பனியின் விதியே ஆட்களைக் கெடுப்பதும் உண்டு. மைக்ரோசொஃப்ட் பல வருடங்களாக ஒவ்வொரு குழுவிலும் இத்தனை பேர் மேல், இத்தனை பேர் கீழ் என்று கட்டாயமாகத் தரம் பிரித்து வந்தது. பக்கத்து மேசைக்காரனுக்கு உதவினால் அவன் என்னை முந்திவிடுவான் என்ற கணக்கு அங்கே தானாக வரும். 2013 நவம்பரில் அந்த முறையைக் கைவிட்டார்கள். உங்கள் கம்பனியில் இப்படியொரு தரப்படுத்தல் புதிதாக வருகிறதென்றால், கூட இருப்பவர்கள் திடீரென்று மாறுவதற்குக் காரணத்தை அவர்களுடைய குணத்தில் தேட வேண்டாம்.

இரண்டாம் படி: ஒரு சி.ஆர். கொப்பி

புத்தகக் கடையில் ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்கள். கம்பனி லப்டொப்பில் எழுத வேண்டாம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பத்து நிமிடம் ஒதுக்கி மூன்று விஷயங்களை எழுதுங்கள்: இந்தக் கிழமை யார் கெட்ட செய்தி சொன்னார், அவருக்கு என்ன நடந்தது, நான் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது என்ன.

பன்னிரண்டு கிழமை எழுதிவிட்டு முதலிலிருந்து வாசியுங்கள். தனித்தனியாகப் பார்க்கும்போது சில்லறையாகத் தெரிந்தவை வரிசையாகத் தெரியும். மூன்றாவது கேள்விதான் முக்கியம். நான் தாமதமாகத் தொடங்கிய என் கொப்பியில், ஏழாம் கிழமைக்குப் பிறகு அந்த இடம் தொடர்ந்து நிரம்பிக்கொண்டே போனது. ஒரு கிழமையில் ஐந்து விஷயங்களை விழுங்கியிருந்தேன்.

வாடிக்கையாளர் தரவு, கோட், உள் ஆவணம் எதையும் இந்தக் கொப்பிக்கோ உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கோ எடுத்துப் போகாதீர்கள். அது உங்களையே மாட்டிவிடும். இது உங்களுடைய நினைவுக்கு மட்டும்.

மூன்றாம் படி: காசும் கடதாசியும்

மனம் நொந்திருக்கும்போது இதைச் செய்யத் தோன்றாது. ஆனால் இதைச் செய்தவருக்குத்தான் மற்றப் படிகளில் முதுகு நிமிரும்.

நியமனக் கடிதத்தைத் தேடி எடுத்து முழுதாக வாசியுங்கள். அறிவித்தல் காலம் ஒரு மாதமா, மூன்று மாதமா? பயிற்சிக்கு அனுப்பியதற்காகப் பிணை ஏதும் எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா? போட்டிக் கம்பனியில் சேரக் கூடாது என்று ஏதும் இருக்கிறதா?

அடுத்தது ஊழியர் சேமலாப நிதி. உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் வெட்டுவார்கள், கம்பனி தன் பங்காக 12 சதவீதம் போட வேண்டும். அதைவிட ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குக் கம்பனி 3 சதவீதம் கட்ட வேண்டும். அதை உங்களிடம் வெட்ட முடியாது. ஒரு மாதத்துக்குரிய சேமலாப நிதிப் பணத்தை அடுத்த மாத முடிவுக்குள் அனுப்பிவிட வேண்டும். சம்பளச் சீட்டில் வெட்டியதாக இருப்பதும் நிதியில் வரவு வைக்கப்பட்டிருப்பதும் இரண்டு வேறு விஷயங்கள். நிதிக் கணக்குக் கூற்றை எடுத்து மாதம் மாதமாக ஒப்பிடுங்கள். காசுக்கு முடை வந்த கம்பனி முதலில் கை வைப்பது இதில்தான். இந்தப் பணம் பிந்தத் தொடங்கினால், எந்தக் கூட்டத்தில் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள். முறையிடக் கொழும்பு நாரஹேன்பிட்டியில் இருக்கும் தொழில் திணைக்களத்துக்குப் போக வேண்டியதில்லை; திருகோணமலையிலேயே மாவட்டத் தொழில் அலுவலகம் இருக்கிறது.

மூன்றாவது பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதச் சம்பளம் உண்டு. மாதம் 200,000 ரூபாய் எடுத்தவர் ஆறு வருடத்தில் விலகினால் 600,000. நான்கு வருடமும் பத்து மாதமும் ஆனவர் கோபத்தில் கடிதம் கொடுத்தால் ஒன்றுமில்லை. என் கூட்டாளி ஒருவர் ஐந்து வருடத்துக்கு ஏழு கிழமை இருக்கும்போது கடிதம் கொடுக்கப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினோம். அந்த ஏழு கிழமையை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கழித்தார். வந்த காசில் தங்கச்சியின் படிப்புச் செலவு போனது.

கடைசியாக, சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் வீடு ஓடும் என்று கணக்குப் பாருங்கள். சீட்டுக் காசு, லோன், தங்கச்சியின் ரியூஷன், அப்பாவின் மருந்து எல்லாவற்றையும் சேருங்கள். குறைந்தது நான்கு மாதம் தாங்கும் என்றால் மட்டும், அடுத்த வேலை கையில் இல்லாமல் விலகுவதைப் பற்றி யோசிக்கலாம். திருமலையில் நல்ல ஐ.டி. வேலை வீதிக்கு வீதி இல்லை. "தைரியமா விட்டிட்டு வா" என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பெரிய நகரத்தில் இருந்துகொண்டு எழுதுகிறார்கள்.

நான்காம் படி: உள்ளே இருந்தபடி ஒரு முயற்சி

ஒரு தடவை முயன்று பாருங்கள், ஒழுங்காக. முகாமையாளரோடு தனியாகப் பேசுங்கள். "கலாசாரம் கெட்டுப்போச்சு" என்று சொல்லாதீர்கள், அவருக்கு அது தன்னைக் குற்றம் சொல்வதாகக் கேட்கும். ஒரே ஒரு சம்பவத்தை எடுத்து, ஒரே ஒரு மாற்றத்தைக் கேளுங்கள்: "போன ரெண்டு ரிலீசிலயும் இரவு பன்னிரண்டு மணிக்குப் பிறகு திருத்தினம். வியாழனுக்குப் பதிலா செவ்வாய் ரிலீஸ் செய்து பாப்பமா?" பேசி முடித்ததும், பேசியதை இரண்டு வரியில் மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள்.

ஆறு கிழமை பொறுங்கள். மாற்றம் வந்தால், அந்த முகாமையாளரின் கைக்குள் இருக்கிற எல்லையிலாவது மூச்சு இருக்கிறது. நீங்கள் அழைப்புகளிலிருந்து காணாமல் போகத் தொடங்கினால் விடை கிடைத்துவிட்டது. மூன்றாவதாக ஒன்றும் நடக்கலாம்: அவர் உங்களிடம் கண் கலங்கி, "எனக்கும் மேல சொல்லேலாமல் இருக்கு" என்பார். எனக்கு அதுதான் நடந்தது. நல்ல மனிதர். அவருக்காகத்தான் அந்த இரண்டு வருடமும் இருந்தேன். அவர் எனக்கு முன்னமே மெல்பனுக்குப் போய்விட்டார்.

ஐந்தாம் படி: தேடத் தொடங்குதல்

இதை நீட்ட வேண்டியதில்லை. சி.வி.யைப் புதுப்பியுங்கள், செய்த வேலையை எண்ணோடு எழுதுங்கள். கம்பனிக் கணினியில் வேலை தேடாதீர்கள். நேர்முகப் பரீட்சைக்கு லீவு போடுங்கள். ஏழு நாள் கெஷுவல் லீவும் வருடாந்த 14 நாள் லீவும் உங்களுக்கு உரியவை, காய்ச்சல் என்று பொய் சொல்லத் தேவையில்லை. நேரில் வரச் சொன்னால் இரவு ரயிலில் போய்க் கொழும்புக் கோட்டையில் இறங்குங்கள். ஆனால் அதே நாள் இரவே திரும்பாமல், அந்தக் கம்பனி இருக்கும் வீதியில் மாலை ஆறரை மணிக்கு நின்று பாருங்கள். எத்தனை பேர், எந்த முகத்தோடு வெளியே வருகிறார்கள்? இணையத்தில் எந்த விமர்சனத்திலும் கிடைக்காத தகவல் அது.

இன்னொன்று. சரிகிற இடத்தில் நீண்ட நாள் இருந்தவருக்குத் தன் திறமையில் சந்தேகம் வந்திருக்கும். முதல் இரண்டு நேர்முகத்திலும் தடுமாறினால் அது உங்களுக்கு வேலை தெரியாததால் அல்ல. அதிகம் விருப்பமில்லாத இரண்டு இடங்களுக்கு முதலில் போய், வாய் திறந்து பேசிப் பழகிக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: நேர்முகத்தில் நீங்கள் கேட்க வேண்டியது

ஒரு நெருப்பிலிருந்து இன்னொரு நெருப்புக்குள் குதிக்காமல் இருப்பது இந்தப் படியில்தான் இருக்கிறது. "உங்களுக்கு ஏதும் கேள்வி இருக்கா?" என்று கேட்கும்போது "இல்லை, தாங்க்ஸ்" என்று எழும்பி வரும் பழக்கம் எங்கள் பிள்ளைகளிடம் இன்னும் இருக்கிறது. பெரியவர்களைக் கேள்வி கேட்பது மரியாதையில்லை என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கூச்சத்தை இந்த அறையில் மட்டும் விட்டுவிடுங்கள்.

முதலில் கேளுங்கள்: "கடைசியா உங்கட சிஸ்டம் விழுந்தது எப்ப? அடுத்த நாள் என்ன நடந்தது?" முதல் பகுதிக்கு எல்லோரும் பதில் சொல்வார்கள். இரண்டாவதில்தான் விஷயம் இருக்கிறது. 2012இல் எட்ஸி என்ற இணையச் சந்தைக் கம்பனியின் பொறியியலாளர்கள், பிழை விட்டவரைத் தண்டிக்காமல் பிழை எப்படி நடக்க முடிந்தது என்று ஆராயும் முறையைப் பற்றி வெளிப்படையாக எழுதினார்கள். இன்று பல கம்பனிகள் "பிளேம்லெஸ் போஸ்ட்மோர்ட்டம்" என்ற அந்தப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கின்றன. பெயரைச் சொன்னால் போதாது. உண்மையாகச் செய்கிறவர் ஒரு கதை சொல்வார்: என்ன உடைந்தது, யார் கண்டுபிடித்தார், பிறகு எதை மாற்றினோம். சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் சிரிப்புக்கூட வரும். செய்யாதவர் "எங்களுக்கு அப்பிடிப் பெரிசா ஒண்டும் நடக்கிறதில்லை" என்பார். மென்பொருள் செய்கிற எந்த இடத்திலும் அது நடக்காமல் இருக்காது.

"இந்த இடத்தில முந்தி இருந்தவர் இப்ப எங்க?" என்று கேளுங்கள். வேறு குழுவுக்குப் போனார், வெளிநாடு போனார் என்று இயல்பாகச் சொன்னால் நல்லது. பார்வை பக்கத்தில் இருப்பவரிடம் போனால் குறித்துக்கொள்ளுங்கள். லிங்க்ட்இன்னில் அந்தக் குழுவில் இருந்தவர்களின் காலத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போங்கள்: ஒரு வருடம், பதினொரு மாதம், எட்டு மாதம் என்று வரிசையாக இருந்தால் அதையே நேரே கேட்கலாம்.

"முகாமையாளர் எடுத்த முடிவை ஒரு ஜூனியர் மாத்தின சந்தர்ப்பம் ஒண்டு சொல்லுங்கோ" என்பது எனக்குப் பிடித்த கேள்வி. இதை முகாமையாளரிடமும் குழுவில் இருக்கும் ஒருவரிடமும் தனித்தனியே கேளுங்கள். முகாமையாளர் அடுக்கடுக்காகச் சொல்லி, ஊழியர் யோசித்துக்கொண்டே இருந்தால் முடிவு உங்களுக்குத் தெரியும்.

நேரத்தைப் பற்றி எண்ணோடு கேளுங்கள். "ஃபிளெக்ஸிபிள்" என்ற சொல்லை ஏற்காதீர்கள். வாடிக்கையாளர் கலிபோர்னியாவில் என்றால், அங்கே கோடைகாலக் காலை ஒன்பது மணி எங்களுக்கு இரவு ஒன்பதரை. கிழமைக்கு எத்தனை இரவு? அடுத்த நாள் எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும்? கடை, காரியாலய ஊழியர் சட்டம் சாதாரண வேலை நேரமாகச் சொல்வது நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதை மனதில் வைத்துக் கூட்டிப் பாருங்கள்.

அவர்கள் நேர்முகத்தை நடத்தும் விதத்தையும் கவனியுங்கள். நான் போன ஓரிடத்தில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் தவறான ஒரு விஷயத்தைச் சொன்னார்; டேட்டாபேஸ் பற்றியது. வலப்பக்கத்தில் இருந்த இளம் பிள்ளை வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டு, மேசையில் இருந்த பேனையின் மூடியைக் கழற்றி மாட்டத் தொடங்கினார். அந்த மூடியின் "டிக், டிக்" என்ற சத்தம் நேர்முகம் முடியும் வரை கேட்டது. அவர்கள் தந்த சம்பளம் அன்றைக்கு நான் எடுத்ததை விட ஒன்றரை மடங்கு. போகவில்லை. என்னுடைய சி.ஆர். கொப்பியின் மூன்றாவது கேள்வியை அந்தப் பிள்ளையின் கையில் கண்டேன்.

ஏழாம் படி: மேசையின் மறுபக்கம் நீங்கள் இருந்தால்

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு இதுதான் கூடுதலாக உறுத்துவது. கம்பனி சரியும்போது ஆட்கள் போவார்கள். ஆட்கள் போனால் புதிய ஆட்களை எடுக்க வேண்டும். நேர்முகம் நடத்த உங்களை இருத்துவார்கள். வெளிக்கிட யோசித்துக்கொண்டிருக்கிற நீங்கள் இன்னொருவரை உள்ளே அழைக்க வேண்டும்.

கிண்ணியாவிலிருந்து ஒரு பிள்ளை வந்திருந்தார். வந்திருந்தார் என்றால் திரையில்தான். பின்னால் சுவரில் ஒரு நாட்காட்டி, யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மெல்லச் சாத்தினார்கள். நன்றாகச் செய்தார். கடைசியில் நான் திருமலை என்று தெரிந்ததும் தமிழுக்கு மாறிக் கேட்டார்: "அண்ணா, உங்களுக்கு அங்க சந்தோசமா இருக்கா?"

நான், "வேலை பழக நல்ல இடம்" என்றேன். பொய்யல்ல. ஆனால் அவர் கேட்டது அதுவல்ல. அவர் சேர்ந்தார். எட்டு மாதத்தில் விலகினார். போகும்போது என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். நேர்முகத்துக்கு முன்பே எச்.ஆரிடமும் முகாமையாளரிடமும், "கேட்டால் நான் உண்மையைத்தான் சொல்லுவன், என்னத்தச் சொல்லலாம் எண்டு முன்னமே கதைப்பம்" என்று சொல்லிவிடுவேன். கம்பனி இரகசியத்தையோ ஆட்களின் பெயரையோ இழுக்காமல் உண்மை சொல்ல முடியும். "கடைசி ஒரு வருசத்தில குழுவில பாதிப் பேர் மாறிட்டினம். ரிலீஸ் கிழமைகளில இரவு வேலை இருக்கு. கோட் ரிவியூ நல்லா நடக்கும், அதில நிறையப் படிப்பீங்கள்." இதைக் கேட்டு ஒருவர் வராமல் போனால், வந்து எட்டு மாதத்தில் போயிருக்க வேண்டியவர்தான் அவர். இதைக் கேட்டும் வருகிறவர் நிலைப்பார். அப்படிச் சொல்ல விடமாட்டோம் என்று கம்பனி சொன்னால், நேர்முகம் நடத்தும் வேலையிலிருந்து என்னை எடுத்துவிடுங்கள் என்று கேளுங்கள். அந்த உரிமை எல்லோருக்கும் இருக்கிறது, கேட்பவர்கள்தான் குறைவு.

கையெழுத்துப் போடச் சொன்னால்

இதற்குப் படி எண் கிடையாது, எந்த நாளும் வரலாம். திடீரென்று ஒரு கூட்டத்துக்கு அழைப்பார்கள். எச்.ஆர். இருப்பார். "உங்கட எதிர்காலத்துக்கு நல்லது, நீங்களே ராஜினாமாக் கடிதம் தந்திடுங்கோ, நாங்க நல்ல சேர்விஸ் லெட்டர் தாறம்" என்று அன்பாகச் சொல்வார்கள்.

அன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில், முந்திய 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்தவரை, ஒழுக்கக் குற்றம் அல்லாத காரணத்துக்காக நிறுத்துவதானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். நீங்களே எழுதிக் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பை நீங்களே கைவிட்டதாகிவிடும். "வீட்டில கதைச்சிட்டு எழுத்தில பதில் தாறன்" என்று சொல்லிவிட்டு எழும்புங்கள். சொன்னவற்றை அன்றிரவே திகதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். பிறகு தொழில் அலுவலகத்திலோ ஒரு சட்டத்தரணியிடமோ போங்கள். முறைப்பாட்டுக்குக் காலக்கெடு உண்டு, அதுவும் மாதக் கணக்கில்தான், ஆறப்போடாதீர்கள். பேச்சுவார்த்தையில் நியாயமான தொகை கிடைத்து விலகுவது பிழையில்லை. ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

எட்டாம் படி: புதிய கடிதமும் பழைய கதவும்

புதிய இடம் நிரந்தர வேலையா, ஒப்பந்தமா என்று பாருங்கள். ஒப்பந்தத் தொகை கூடுதலாகத் தெரியும், ஆனால் கணக்குப் போடுங்கள். 200,000 ரூபாய் நிரந்தரச் சம்பளத்துக்குக் கம்பனி மாதாமாதம் 24,000 சேமலாப நிதிக்கும் 6,000 நம்பிக்கை நிதியத்துக்கும் கட்டுகிறது. பணிக்கொடை வருடத்துக்கு 100,000, அதாவது மாதம் 8,300 அளவில். ஆக ஒப்பந்தக்காரருக்கு 238,000 கிடைத்தால்தான் இரண்டும் சமம். லீவும் காப்புறுதியும் வேறு.

வாய்ச்சொல்லை நம்பி விலகாதீர்கள். கையெழுத்திட்ட கடிதம் வந்த பிறகே இராஜினாமா. அந்தக் கடிதத்தில் ஒரு வரி நன்றி, ஒரு வரி கடைசி நாள், வேறொன்றும் வேண்டாம். வெளியேறும் நேர்காணலில் எல்லாவற்றையும் கொட்ட ஆசை வரும். அங்கே இன்னும் இருக்கப் போகிறவர்களுக்கு உதவக்கூடிய ஒரு விஷயத்தை மட்டும் சொல்லுங்கள், ஆளைக் குறிக்காமல். உங்கள் வேலையை எடுக்கப் போகிறவருக்கு நல்ல குறிப்பு எழுதி வையுங்கள். எந்த சர்வர் ஏன் திங்கட்கிழமை மட்டும் திணறும் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பிள்ளை நடு இரவில் தனியாக இருந்து தேடக் கூடாது.

கடைசி நாளில் சேவைக் கடிதம், சம்பளச் சீட்டுகள், சேமலாப நிதி இலக்கம் மூன்றையும் கையில் வாங்குங்கள். பணிக்கொடை உங்களுக்கு உரியதென்றால் 30 நாளுக்குள் வர வேண்டும், நாட்காட்டியில் குறியுங்கள். இரண்டு மாதம் கழித்து, கடைசி மாதத்துக்கான சேமலாப நிதி வரவாகியிருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.

அந்தக் கிண்ணியாப் பிள்ளைக்கு நான் போன வருடம் எழுதினேன். "அண்டைக்கு நீங்க கேட்டதுக்கு நான் பதில் சொல்லேல்ல, மன்னிச்சுக் கொள்ளுங்கோ" என்று. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. இப்போது அவர் வேலை செய்யும் இடத்தில் ஆள் எடுக்கிறார்களாம். கீழே ஒரு வரி: "அண்ணா, இஞ்ச நீங்க என்னட்ட அதே கேள்வியக் கேக்கலாம்."